கேமராவுக்குத் தெரிகிற சுவர்

ஆணி சுவருக்குள் இறங்கவில்லை. சுவர்தான் ஆணியோடு சேர்ந்து கீழே இறங்கியது.

கண்ணாடியக்கா முக்காலியின் மேல் சுத்தியலும் கையுமாக நின்று, நடந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மாட்ட வந்த படம் உள்ளங்கை அகலம்தான். பெயர்ந்து விழுந்த காரையோ சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்தது. உள்ளே செங்கற்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. படத்தை அந்த ஓட்டையின் நடுவில் வைத்துப் பார்த்தாள். படமே அதற்குள் குடிபோய்விடும்போல் இருந்தது.

கண்ணாடியக்கா என்ற பெயர் தெருக்காரர்கள் வைத்தது. தெருமுனையில் உள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. கடைக்குள் நுழைகிறவரின் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், இந்த மூக்குக்கு இந்த ஃபிரேம்தான் நிற்கும் என்று சொல்லிவிடுவாள். கணவர் காலமான பிறகு, வாடகைக்கு எடுத்த அந்த மாடிவீட்டில் அவளும் மகளும் இருந்தார்கள். மகள் வீட்டு அலங்காரம் படித்து, தொலைவில் ஒரு பெரிய நகரத்தில் வேலை கிடைத்துப் போன பிறகு, அவள் மட்டும் இருந்தாள்.

புதன்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று மத்தியானம் மகள் வீடியோவில் கூப்பிடுவாள். அந்த ஒரு பேச்சுக்காகக் கண்ணாடியக்கா காலையிலேயே குளித்து, தலைவாரி, போனில் முழுசாகச் சார்ஜ் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேச்சு என்னவோ ஆரம்பித்த வேகத்தில் முடிந்துவிடும்.

"சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

அதற்கு மேல் என்ன பேசுவதென்று இருவருக்குமே தெரியாது. திரையின் மூலையில் சின்னதாகத் தெரியும் அவரவர் முகத்தை அவரவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு மகள், சரிம்மா வெச்சிடறேன் என்பாள். திரை அணைந்து கறுப்பாகும். அந்தக் கறுப்பில் தன் முகம் தெரிகிறவரை கண்ணாடியக்கா போனைக் கையிலேயே வைத்திருப்பாள். மறுநாள் கடை திறக்கும்வரை அந்த வீட்டில் சத்தம் போடுவது ஃபிரிட்ஜ் மட்டும்தான்.

போன புதன்கிழமை அது மாறியது. வழக்கமான கேள்விகள் முடிந்து, வெச்சிடறேன் என்று சொல்ல வாயெடுத்த மகள், அம்மாவின் தலைக்குப் பின்னால் எதையோ பார்த்தாள்.

"என்னம்மா அந்தச் சுவர் இப்படி மொட்டையா இருக்கு? ஏதோ ஆஸ்பத்திரில உட்கார்ந்து பேசுற மாதிரி இருக்கு. ஒரு படமாவது மாட்டி வையேன்."

என்ன படம் மாட்டுவது என்று இவள் கேட்டாள். அவ்வளவுதான், மகள் பிடித்துக்கொண்டாள். படம் நிற்கிறவரின் கண்மட்டத்தில் இருக்க வேண்டுமாம். ஒரே சுவரில் நாலைந்து படம் என்றால் எல்லாம் ஒரே சட்டத்தில் இருந்தால் நல்லதாம். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். ஊரைவிட்டுப் போனதிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கண்ணாடியக்கா பார்த்ததில்லை. பேசி முடித்தபோது டீ ஆறிப்போயிருந்தது, போன் சுட்டது.

அதனால்தான் இந்த ஆணி.

ஓட்டையை மறைக்க ஒரே வழி, அதைவிடப் பெரிய படம். கடைத்தெருவுக்குப் போய், ஏரியில் படகு மிதக்கிற ஒரு படத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள். பெரிய படத்துக்குப் பெரிய ஆணி. பெரிய ஆணிக்குப் பெரிய அடி. இந்தத் தடவை இறங்கிய காரை, தட்டு அளவோடு நிற்கவில்லை. கீழே பாத்திரம் உருண்டதுபோல் ஒரு சத்தம் கேட்டு, கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டு ஓனர் மாடிப்படி ஏறி வந்தார்.

மேலே என்ன இடிக்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை, மிளகு பொடிக்கிறேன் என்றாள் கண்ணாடியக்கா. ஓட்டைக்கு முன்னால் ஒரு போர்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மிளகு பொடிக்கிறவள் எதற்காகப் போர்வையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்ற கேள்வி அவருக்கு வாய்வரை வந்தது. ஆனால் ஒரு பெண்பிள்ளை தனியாக இருக்கிற வீட்டில் நின்று வளவளவென்று கேள்வி கேட்க அவருக்குப் பிடிக்காது. போய்விட்டார்.

மாட்ட முடியாத படத்தைக் கடைசியில் செருப்பு வைக்கும் அலமாரியின் மேல், ஓட்டை மறையும்படி சுவரோடு சாய்த்து வைத்தாள். அலமாரி தெரியாமல் இருக்க அதன்மேல் அந்தப் போர்வையை மடித்துப் போட்டாள். உள்ளே இருந்த செருப்புகள் சமையலறை அடுக்குக்குக் குடிபோயின.

புதன்கிழமை மகள் திரையில் வந்ததும் வாயைப் பிளந்தாள். "அம்மா, மாட்டாம சாய்ச்சு வெச்சிருக்கியே, இதான்மா இப்ப ஸ்டைல். யார் சொல்லிக் குடுத்தா?"

"எனக்கே தோணுச்சு" என்றாள் கண்ணாடியக்கா.

செருப்பு அலமாரிக்குக் கன்சோல் டேபிள் என்று பேர் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டாள். அன்றைய பேச்சு முந்தின வாரத்தைவிட நீளம். மாத்திரை போட்டாயா என்று கேட்க இருவருக்குமே நேரம் கிடைக்கவில்லை.

பேச்சின் கடைசியில் மகள், அந்த ஒரு சுவரை மட்டும் அடர்ந்த நிறத்தில் அடித்தால் படம் இன்னும் எடுப்பாகத் தெரியும் என்றாள். கண்ணாடியக்கா மறுநாளே கடையில் சொல்லிவைத்து ஒரு பெயிண்டரை வரவழைத்தாள். ஒரு கையில் போனை நீட்டிப் பிடித்து, கேமராவில் பார்த்துப் பார்த்து, சுவரில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தாள்.

பெயிண்டர் கோட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"மீதி சுவர்?"

"மீதி வேணாம். கோட்டுக்குள்ள மட்டும் அடிச்சா போதும். அதுக்கு அந்தப் பக்கம் தெரியாது."

"யாருக்குத் தெரியாது?"

"என் பொண்ணுக்கு."

பெயிண்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாப்பாவுக்குக் கண்ணுல ஏதாவது கோளாறாம்மா?"

"கண்ணெல்லாம் நல்லா இருக்கு. தூரம்தான் ஜாஸ்தி."

அவர் ஓட்டையைப் பூசி அடைத்து, கோட்டுக்குள் கரும்பச்சை அடித்துவிட்டுப் போனார். போனில் பார்த்தால் பிரமாதம். நேரில் பார்த்தால், யாரோ பள்ளிக்கூடத்துக் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து சாத்தி வைத்ததுபோல் இருந்தது.

அந்தப் புதன்கிழமை மகள் திரையில் வந்ததும் சிரிக்கவில்லை. "உடம்புக்கு என்னம்மா? முகமெல்லாம் பச்சையா இருக்கு" என்று பதறினாள். டாக்டரிடம் போ, ரத்தம் பரிசோதனை பண்ணு என்று ஆரம்பித்தாள். பேச்சு மறுபடியும் மாத்திரையில் போய் விழுந்துவிடும்போல் இருந்தது. கண்ணாடியக்கா சட்டென்று, இது சுவரின் நிறம் முகத்தில் அடிப்பது, வெளிச்சம் சரியில்லை, என்ன விளக்கு வைக்கலாம் சொல் என்றாள். மகளின் முகம் தெளிந்தது. மஞ்சள் வெளிச்சம், பக்கவாட்டில், நின்ற நிலையில் உயரமான விளக்கு. அதைப் பற்றியே ஒரு காலட்சேபம் நடந்தது.

மகளுக்கு இதெல்லாம் கைவந்த கலை. அவள் வீட்டைப் பார்த்தாலே தெரியும். மத்தியான இடைவேளையில் வீட்டுக்கு வந்துதான் பேசுவாள், ஆபீஸ் பக்கத்திலேயே இருக்கிறதாம். நீல நிற சோஃபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். போன மாதம்வரை பழுப்பு சோஃபா இருந்தது, அதை மாற்றிவிட்டாள். பின்னால் ஒரு அலமாரி நிறையப் புத்தகங்கள், எல்லாம் ஒரே உயரம், ஒரே வெள்ளை அட்டை. மெல்லிசாக ஏதோ பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். இவ்வளவு இருந்தும் தன் வீட்டு மொட்டைச் சுவரை அவள் இத்தனை நாள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாளே என்று கண்ணாடியக்காவுக்குக் கூச்சமாக இருந்தது.

விளக்கு வந்தது. அதைச் செருகும் பிளக் பாயிண்ட் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. பீரோவை இழுத்தாள். முதலில் அசையவே மாட்டேன் என்றது. பிறகு அவள் அசராமல் இழுக்கவும் ஒரேயடியாக அறையின் நடுவுக்கு வந்து நின்றுவிட்டது. திரும்பத் தள்ளினால் போக மறுத்தது. தரையில் பீரோ இழுபட்ட சத்தத்துக்கே கீழே கதவு திறந்த ஒலி கேட்டது. விளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் போய், மாடியில் விசிறி நின்றது. கீழ்வீட்டு விசிறியும் நின்றது. ஓனர் இந்தத் தடவை இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார்.

கேட்க வந்ததை அவர் மறந்தே போனார். சுவரின் நடுவில் பச்சையாக நின்ற சதுரத்தைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றார்.

"பாதில பெயிண்ட் தீர்ந்துபோச்சாம்மா?"

"ஆமா" என்றாள் கண்ணாடியக்கா. வேறு என்ன சொல்வது?

அவர் ஃபியூஸைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். எப்போதோ தன் வீட்டுக்கு அடித்ததில் மீந்ததாம், மீதிச் சுவருக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். திறந்து பார்த்தாள். ரோஸ் கலர். திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. போனை நிறுத்தி வைக்க உயரம் போதாமல் இருந்ததால், கவிழ்த்த அண்டாவின் மேல் அந்த டப்பாவை வைத்து, அதன்மேல் போனைச் சாய்த்து வைக்கத் தொடங்கினாள்.

மஞ்சள் வெளிச்சத்தில் அவள் முகம் நன்றாகத் தெரிந்தது. மகளுக்கு அத்தனை சந்தோஷம். "இவ்ளோ அழகா வெச்சிருக்க. யாராவது வர்றாங்களா போறாங்களாம்மா?" என்று கேட்டாள்.

வராமல் என்ன, வந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்றாள் கண்ணாடியக்கா.

சொல்லிவிட்டால் போதுமா? அடுத்த வாரம் கன்சோல் டேபிளின் ஓரத்தில், கேமராவுக்குத் தெரிகிற மாதிரி, அடியில் கொஞ்சம் டீ மிச்சமிருக்கிற இரண்டு கோப்பைகளை வைத்தாள். மகள் உடனே கவனித்துவிட்டாள். யார் வந்தது என்றாள். கடையில் கூட வேலை பார்க்கிறவள், இப்போதுதான் எழுந்து போனாள் என்று இவள் சொன்னாள். இரண்டு டீயையும் குடித்தது இவள்தான். ஒன்றைச் சர்க்கரை போட்டுக் குடித்தாள், இன்னொன்றைச் சர்க்கரை இல்லாமல் குடித்தாள். வந்தவளுக்குச் சர்க்கரை நோய் என்று மனதுக்குள் ஏற்பாடு.

அதற்கடுத்த வாரம் வந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. அவ்வளவு டீயையும் குடித்துவிட்டுக் கண்ணாடியக்காவுக்கு நெஞ்செரிச்சல். ஆனால் மகள், "இப்பதான்மா எனக்கு நிம்மதியா இருக்கு. நீ தனியா இருக்கியேன்னு மனசு அடிச்சுக்கும்" என்றபோது, அந்த நெஞ்செரிச்சல் பெரிதாகத் தெரியவில்லை.

அன்றைக்கு மகள் ஒரு விபரீதமான ஆசையையும் சொன்னாள். போனைக் கையில் எடுத்து வீடு முழுவதையும் ஒரு சுற்றுக் காட்டேன் என்றாள்.

கண்ணாடியக்கா சுற்றிலும் பார்த்தாள். கேமராவுக்குள் அடங்காதவை எல்லாம் கேமராவுக்குப் பின்னால் வந்து சேர்ந்திருந்தன. இடம் போதாமல் கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு நிறுத்தியிருந்தாள். பீரோ நடுக்கூடத்தில் நின்றது. நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் போக வேண்டும்.

சிக்னல் விட்டு விட்டு வருகிறது, நடந்தால் கட்டாகிவிடும் என்றாள். சந்தேகம் வராமல் இருக்க, நீ உன் வீட்டைக் காட்டேன் என்று திருப்பிக் கேட்டாள். இங்கே மற்ற அறையெல்லாம் குப்பையாகக் கிடக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாள் மகள். இருவருக்கும் நல்லதாய்ப் போயிற்று.

அதோடு விட்டிருக்கலாம். வெச்சிடறேன் என்று சொல்லப் போன மகளை நிறுத்தி, அடுத்து என்ன பண்ணலாம் என்று கண்ணாடியக்காவே கேட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை. மகள் யோசித்து, "அந்தப் பச்சைச் சுவர்ல ஒரு வட்டக் கண்ணாடி வெச்சுப் பாரும்மா. ரூம் ரெண்டு மடங்கு பெருசாத் தெரியும்" என்றாள்.

நாள் முழுவதும் பிறர் முகத்துக்கு நேரே கண்ணாடி பிடிக்கிறவளுக்கு அது எதைக் காட்டும் என்பது முன்னமே தெரிந்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. பச்சைச் சுவரில் வட்டக் கண்ணாடியைச் சாய்த்து வைத்துவிட்டுப் போனில் பார்த்தபோது, மகள் சொன்னபடியே அறை இரண்டு மடங்கு பெரியதாகத் தெரிந்தது. அந்த இரண்டாவது மடங்கில் பீரோவும், நின்றுகொண்டு தூங்குகிற கட்டிலும், கவிழ்ந்த அண்டாவும், ரோஸ் கலர் டப்பாவும் தெரிந்தன. கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினாள். சமையலறை அடுக்கில் செருப்புகள் வரிசையாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மேலே திருப்பினாள். ஒட்டடை படிந்த விசிறி தெரிந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அது உண்மையையே சொல்லிக்கொண்டிருந்தது.

கண்ணாடியை எடுத்துவிடலாம். ஆனால் மகள், எங்கே கண்ணாடி என்று கேட்பாள். அதனால் கண்ணாடிக்கு எதிரே, போனுக்குப் பின்னால், அறையை இரண்டாகப் பிரித்து ஒரு திரைச்சீலை கட்டினாள். கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினாள். மறுமுனையைக் கட்ட அங்கே பீரோவின் கைப்பிடியைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை. நல்ல கனமான துணி, தரைவரை மடிப்பு மடிப்பாக விழுந்தது. இப்போது கண்ணாடியில் பார்த்தால், திரைபோட்ட இன்னொரு அறை தெரிந்தது. அங்கே யாரோ வசதியானவர்கள் குடியிருப்பதுபோல் இருந்தது.

திரைக்கு இந்தப் பக்கத்தை அவள் புழங்கவே இல்லை. மகள் சொல்லி வாங்கிப் போட்ட குஷன் கசங்கும், விரிப்பில் கறை படும். திரைக்கு அந்தப் பக்கம், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்க இடம் இருந்தது. அதில்தான் படுத்தாள். செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். புதன்கிழமை மத்தியானம் மட்டும் அந்த அழகான வீட்டில் குடியிருந்தாள். மற்ற நேரமெல்லாம் அதற்குப் பின்னால் இருந்தாள்.

புதன்கிழமை வந்தது. மகள் போன் திரையில் வந்தாள். நீல சோஃபாவில் உட்கார்ந்தபடி, முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். அவள் கண் கலங்கியதைக் கண்ணாடியக்கா கவனித்தாள்.

"இது நிஜமா நம்ம வீடாம்மா?" என்றாள். "அங்க வந்து அந்த விளக்குக்கிட்ட உட்கார்ந்துக்கணும்போல இருக்கு."

வாயேன் என்று சொல்ல வந்தாள் கண்ணாடியக்கா. அந்த விளக்குக்குப் பக்கத்தில் உட்கார வைக்கலாம், ஆனால் எங்கே படுக்க வைப்பது என்ற யோசனை குறுக்கே வந்து வாயை அடைத்தது. அதற்குள் மகள் புருவத்தைச் சுருக்கினாள்.

"அம்மா, கண்ணாடில தெரியுதே ஒரு திரை, அது நடந்து வருது."

"திரை எப்படி நடக்கும்? காத்துக்கு ஆடுது."

"ஆடல. வருது."

கண்ணாடியக்கா நிமிர்ந்து எதிரே பார்த்தாள். திரை வரத்தான் செய்தது. துணியின் கனம் தாங்காமல் பீரோவின் கதவு மெதுவாக, யாரோ உள்ளே இருந்து எட்டிப் பார்ப்பதுபோல், திறந்துகொண்டிருந்தது. எழுந்து ஓடிப் பிடிப்பதற்குள் கதவு முழுதாகத் திறந்து, உள்ளே திணித்து வைத்திருந்ததெல்லாம் சரிந்து, திரை அவள் தலைமேல் விழுந்தது. அண்டா உருண்டது. டப்பா கவிழ்ந்தது. போன் எங்கேயோ போய் விழுந்தது. கீழிருந்து ஓனரின் குரல் கேட்டது. மிளகுதான், மிளகுதான் என்று திரைக்குள்ளிருந்தபடியே கத்தினாள்.

ஒருவழியாகத் தலையை வெளியே நீட்டியபோது, போன் தரையில் கட்டில் காலோடு சாய்ந்து நின்றிருந்தது. உடையவில்லை. போன் திரையில் மகள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். போனின் கேமரா, கண்ணாடியக்கா இத்தனை வாரங்களாகக் காட்டாமல் காப்பாற்றிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாயைப் பிளந்த பீரோ, துணி மலை, செருப்பு அடுக்கு, எல்லாம்.

மகள்தான் கேட்டாள்.

"அந்தப் பாய்ல யாரும்மா படுக்கறது?"

"நான்தான்."

"அந்த டீ குடிக்க வர்றவங்க?"

"யாரும் வரல. எல்லாம் நானே குடிச்சேன்."

கண்ணாடியக்கா தரையிலேயே, போனுக்கு எதிரே, காலை மடித்து உட்கார்ந்தாள். இனி மறைக்க ஒன்றுமில்லை என்றானதும் பேச்சு தானாக வந்தது.

"சாப்பிட்டியான்னு கேட்டா நீ ரெண்டு வார்த்தைல வெச்சிடற. விளக்கு, திரைன்னா உட்கார்ந்து பேசற. உன் முகமே மாறிடுது. எனக்கு வேற என்ன பேசத் தெரியும்? வாரா வாரம் பேச ஏதாவது வேணுமில்ல, அதான் ஒண்ணொண்ணா வாங்கி வெச்சேன். நீயும் கவலைப்படாம இருப்பேன்னு நினைச்சேன்."

மகள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை அடங்கியதும் கோபம் வந்தது. அவள் அப்பாவுக்கும் அப்படித்தான், வருத்தம் கோபமாகத்தான் வெளியே வரும். கட்டிலை நிறுத்தி வைத்துவிட்டுத் தரையில் படுக்க யார் சொன்னார்கள் என்று கேட்டாள். பீரோ மேலே விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள். கண்ணாடியக்கா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். திட்டுவதற்காகவாவது மகள் இவ்வளவு நேரம் பேசுகிறாளே என்று உள்ளுக்குள் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது.

"பெத்த பொண்ணுகிட்ட எதுக்கும்மா நடிக்கணும்?" என்றாள் மகள். "வீடு எப்படி இருந்தா எனக்கென்ன? உள்ளதை உள்ளபடி காட்டவேண்டியதுதானே. நான் என்னிக்காவது உன்கிட்ட எதையாவது மறைச்சிருக்கேனா?"

இல்லை என்று கண்ணாடியக்கா தலையாட்டினாள். மகள் சொல்வதில் ஒரு குறையும் காண முடியவில்லை. வெள்ளை அட்டைப் புத்தகங்களுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அவளைப் பார்க்கப் பெருமையாகவும், தன்னை நினைக்க வெட்கமாகவும் இருந்தது. இனிமேல் ஒளிவுமறைவு இல்லை, இந்தக் குப்பை நடுவிலேயே உட்கார்ந்து பேசுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அப்போது மகளின் பின்னால் ஒரு பெரியவர் வந்து நின்றார். நல்ல வழுக்கை, மூக்குக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஃபிரேமில் ஒரு கண்ணாடி. அவரோடு கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு அம்மாளும் வந்தார். மகள் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள், இந்தக் கோலத்தில் தன்னைப் பார்த்துவிடப் போகிறார்களே என்று கண்ணாடியக்கா அவசரமாகத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, தரையில் உட்கார்ந்தபடியே கைகூப்பினாள். பெரியவர் அதைக் கவனிக்கவில்லை. சோஃபாவின் கைப்பிடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மகளின் முதுகுக்குப் பின்னால் இருந்த குஷனை உருவி, திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து மகளிடம் கேட்டார்:

"ஏம்மா, இந்த சோஃபா நீலத்துல மட்டும்தானா, இல்ல வேற கலர்லயும் ஸ்டாக் இருக்கா?"